நாற்பத்து மூன்றாம் வருஷத்துக்கு ஒரு சாட்சி

ஆசிரியர் ஓய்வூதிய நிதியிலிருந்து வந்த கடிதத்தில் ஐடெல்லா ஸ்டென்ருட்டின் பணிக்காலம் இருபத்து நான்கு ஆண்டுகள் என்று தட்டச்சு செய்திருந்தது. அவள் கணக்கில் இருபத்தைந்து.

சமையலறை மேசையில் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு தலைநகரத்து எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் பெயர் பாலின் ரோரிச். குரல் இளமையாக இருந்தது. பின்னால் யாரோ காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் ஸ்டென்ருட், உங்க கார்டு இப்ப என் கையிலதான் இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுல இருந்து இந்த எண்பத்து நாலு வரைக்கும் எல்லாம் சரியா இருக்குங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இருக்கும்மா. நாற்பத்து மூணு செப்டம்பர்ல இருந்து நாற்பத்து நாலு மே வரைக்கும். ஓல்மர் கவுண்டி, பதினாலாம் நம்பர் பள்ளிக்கூடம்."

"பயிற்சி இல்லாதவங்களுக்குக் கொடுத்தாங்களே, அந்தப் போர்க்கால அனுமதிச் சீட்டுல வேலை பாத்தீங்களா?"

"ஆமா."

"அதான். அந்தச் சீட்டுல வந்தவங்களை அப்ப நிதியில சேர்க்கல. இப்ப சட்டம் மாறியிருக்கு, நீங்க சேர்த்துக்கலாம். அந்த வருஷத்துப் பங்கை வட்டியோட கட்டணும், அவ்வளவுதான். ஆனா வேலை பாத்ததுக்குப் பதிவு வேணும்."

பதிவு இல்லை. பள்ளிப் புத்தகங்களெல்லாம் பள்ளிக் குழுவின் எழுத்தர் வீட்டு அலமாரியில்தான் இருந்தன. ஐடெல்லா அந்த வருஷம் சாப்பிட்டுத் தூங்கியதும் அதே வீட்டில்தான். ஐம்பத்தொன்றில் அந்த வீடு எரிந்துபோனது. எழுத்தரும் அவர் மனைவியும் இப்போது உயிரோடில்லை.

"பதிவு இல்லன்னா நேர்ல பாத்த ஒருத்தர் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம்," என்றாள் பாலின். "ஒருத்தர் போதும். சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. ஜூன் முப்பதுக்குள்ள வந்துடணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்கல்ல?"

"பாக்கறேன்."

இந்த ஓய்வூதியம் எப்படி நடக்கிறது என்பதை ஐடெல்லா ஒவ்வொரு வருஷமும் ஆறாம் வகுப்பில் சதவீதப் பாடத்தின்போது கரும்பலகையில் போட்டுக் காட்டுவாள். வேலை பார்த்த ஆண்டுகள் ஒரு பக்கம், கடைசிச் சம்பளங்களின் சராசரி ஒரு பக்கம், நடுவில் ஒரு சின்னச் சதவீதம். மூன்றையும் பெருக்கினால் வருஷத்துக்கு வரும் தொகை. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவள் விடமாட்டாள். இருபத்தைந்து ஆண்டு முடித்தவருக்கு அறுபது வயதிலேயே அந்தத் தொகை முழுசாக வரும். முடிக்காதவர் அறுபத்தைந்து வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதென்றால், எத்தனை வருஷம் முன்னால் கேட்கிறாரோ அத்தனை ஆறு சதவீதத்தை வெட்டிவிடுவார்கள். ஐந்து ஆறு முப்பது. ஆயுசு முழுக்க அந்த முப்பது திரும்பி வராது. ஒரு வருஷம் குறைந்தால் ஒரு வருஷத்துக்கான பணம்தானே போகும் என்று எல்லாரும் நினைப்பார்கள். படிக்கட்டில் ஒரு படி இல்லாவிட்டால் உயரம் ஒரு படி மட்டுமா குறைகிறது, மேலே ஏறவே முடியாதே என்று அவள் கேட்பாள்.

இன்னும் ஒரு வருஷம் வேலை பார்த்துப் படியைக் கட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜூன் மாதம் அவளுடைய பள்ளியை மூடி, இருபது மைல் தள்ளியுள்ள பள்ளியோடு சேர்க்கப்போகிறார்கள். அங்கே ஆறாம் வகுப்புக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறான். அறுபது வயதுக்காரியைப் புதிதாக எடுக்க யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குப் பதினைந்து வருஷம் பணிவிடை, பகலில் பால் பண்ணை அலுவலகத்தில் ரசீது எழுதும் வேலை, அம்மா போன பிறகு மறுபடி பள்ளிக்கூடம் என்று காலம் போய்விட்டது. மருந்துக் கடைக்கு மேலே வாடகைக்கு இரண்டு அறைகள். சம்பளத்துக்கு மேல் எதுவும் கிடையாது.

நிதியின் பழைய கதையும் அவளுக்குத் தெரியும். முதல் உலகப் போருக்கு முன் வயதான ஆசிரியைக்கு இருந்த வழிகள் மூன்று. தம்பி வீட்டுப் பின்னறை, கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகம் ஆதரவற்றவர்களைத் தங்கவைத்த ஏழைகள் பண்ணை, அதுவும் இல்லையென்றால் நாற்காலியிலிருந்து விழும்வரை பாடம் நடத்துவது. சட்டசபை வாசலில் போய் நின்று கேட்டது ஆசிரியைகள்தான். ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள். தங்கள் சம்பளத்திலேயே நூற்றுக்கு ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். எல்லாருடைய காசும் ஒரே பாத்திரத்தில் விழுகிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்களின் பங்கு நீண்ட நாள் இருப்பவர்களுக்குப் போகிறது. ஆரம்பத்தில் கணக்கர்களைக் கவலைப்படுத்திய ஒரே விஷயம், கல்யாணமாகாத ஆசிரியைகள் சாகவே மாட்டேன் என்கிறார்கள் என்பதுதானாம். இதைச் சொல்லும்போது வகுப்பில் அவள் மட்டும் சிரிப்பாள். எங்கோ ஒரு புல்வெளிப் பள்ளியில் கரி அடுப்பு மூட்டிய, தன் பெயரே தெரியாத ஒருத்தி தனக்காகவும் ஒரு காசு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்ற நினைப்பு அவளுக்குப் பிடிக்கும். வேறு உறவு இல்லாததால் அதை ஓர் உறவாகவே வைத்திருந்தாள்.

போனை வைத்ததும் ஒரு தாளை எடுத்து அந்த வருஷத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதினாள். ஏழு பேர். யார் எந்த வரிசை, யாருக்கு ஜன்னல் பக்கம் என்பதுகூட நினைவில் இருந்தது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஏழாவது பெயர் ரூபன் வெட்ஸல். அதை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

அடுத்த நான்கு வாரங்களில் பட்டியல் கரைந்தது. ஒருவன் கொரியப் போரிலேயே இறந்திருந்தான். ஒருவன் எப்போதோ டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போயிருந்தான். ஒருத்தி பக்கவாதத்தில் பேச்சிழந்து மருத்துவமனையில் இருந்தாள். ஐடெல்லா போய்க் கட்டிலருகே அரைமணி உட்கார்ந்துவிட்டு வந்தாள். கலிபோர்னியாவுக்குப் போன அண்ணன் தங்கையில் அண்ணனுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. தங்கை பதில் போட்டிருந்தாள்: 'முகமெல்லாம் புள்ளி இருக்கும் ஒரு டீச்சர் நினைவிருக்கிறார். அது நீங்கள்தானா?' ஐடெல்லா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முகத்தில் ஒரு புள்ளியும் கிடையாது.

ஆறாவது பெயர் லவோன். அப்போது ஆறு வயது. இப்போது கவுண்டித் தலைமை ஊரில் உணவுக் கடை நடத்துகிறாள். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஐடெல்லா போய் உட்கார்ந்தாள். லவோன் கேட்காமலே மாவு உருண்டை போட்ட உருளைக்கிழங்கு சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"டீச்சரா! ஐயோ, நீங்க ஆர்கன் வாசிப்பீங்களே. கிறிஸ்துமஸுக்கு எங்களையெல்லாம் தேவதையா நிக்க வெச்சு..."

"அது மிஸ் தார்சன். எனக்கு அடுத்த வருஷம் வந்தாங்க."

"அப்படியா?" லவோன் நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப நீங்க..."

"உனக்குச் சிவப்பு கோட்டு. உங்க அக்காவோடது, கை நீளமா இருக்கும். ஒரு நாள் கையுறையை அடுப்பு மேல காய வெச்சுக் கருக்கிட்டே. வீட்டுல அடிப்பாங்கன்னு அழுதே. என்னோடதைக் கொடுத்தனுப்பினேன்."

"எனக்கே தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியுதே." லவோன் எதிரில் உட்கார்ந்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். "கொஞ்சம் இருங்க டீச்சர். அந்தக் காகிதத்தைக் கொடுங்க. நான் போடறேன் கையெழுத்து. நீங்க இருந்திருக்கீங்கன்னு நீங்களே சொல்றீங்க. போதாதா?"

"உனக்கு நினைவிருக்குன்னு சத்தியம் பண்ணணும் லவோன்."

"பண்ணிட்டா போச்சு. பாஸ்டர் என்ன மேசைக்கு அடியிலயா உக்காந்திருக்காரு?"

காகிதம் பையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. சத்தியத்தைப் பதிவுசெய்யும் நோட்டரி முன்னால் கையெழுத்து விழ அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் முப்பது சதவீதம் திரும்பிவிடும். தலைநகரத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐடெல்லா சூப்பை ஒரு கரண்டி குடித்தாள்.

"வேண்டாம்மா."

"ஏன்? என் கையெழுத்து மோசம்னா? இன்னும் கையெழுத்துக்கு மார்க் போடறீங்களா?"

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கும். ஆனா உனக்கு என்னைத் தெரியலையே."

லவோன் மேசை ஓரத்தைத் துணியால் துடைத்தாள். "ரூபன் வெட்ஸலைப் பாத்தீங்களா? அவர் அப்ப பெரிய பையன்ல? அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பாக்கணும்," என்றாள் ஐடெல்லா.

பார்க்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாதை சேறாக இருந்ததால் மெதுவாக ஓட்டிக்கொண்டு அவன் பண்ணைக்குப் போனாள். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே விதைக்கும் இயந்திரம் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயது ஆள் கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தான்.

"ரூபன், நான் ஐடெல்லா—"

"தெரியும். காரை விட்டு இறங்கும்போதே தெரிஞ்சுது. இடது தோள் கொஞ்சம் ஏறினாப்பல நடப்பீங்க. இன்னும் அப்படியேதான் இருக்கு."

ஐடெல்லா தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பது வருஷமாகத் தன் இடது தோளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

"உக்காருங்க. அந்த டப்பாவைத் தள்ளிட்டு உக்காருங்க." அவன் கையைத் துணியில் துடைத்தான். "அடுப்பு மூட்டவே தெரியாது உங்களுக்கு. முதல் வாரம் முழுக்கப் புகை. எல்லாரும் வெளிய நின்னு படிச்சோம். அப்புறம் நான்தான் காலையில சீக்கிரம் வந்து மூட்டிக் கொடுத்தேன்."

"நீதான் மூட்டினே."

"கையுறை போட்டுக்கிட்டே கதை வாசிப்பீங்க. பக்கம் திருப்ப மட்டும் ஒரு கையுறையைக் கழட்டுவீங்க."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு நின்றது. அவளுடையது சற்றுத் தாமதமாக நின்றது.

"எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு என் பேரை நீங்க அனுப்பல," என்றான் ரூபன்.

ஒரே டீச்சர் எல்லா வகுப்பையும் நடத்தும் ஓரறைப் பள்ளிகளில் அதுதான் வாசல். எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை டீச்சர் ஏப்ரலில் கவுண்டிக்கு அனுப்புவார். கவுண்டி வைக்கும் பரீட்சையில் தேறியவன் டவுனில் உயர்நிலைப் பள்ளிக்குப் போவான். டீச்சர் அனுப்பாவிட்டால் பரீட்சை கிடையாது. அனுப்புவதும் விடுவதும் டீச்சர் இஷ்டம். அந்த வருஷம் பதினாலாம் நம்பர் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்தது ஒரே ஒருவன்.

"உனக்கு இங்கிலீஷ் தடுமாறுச்சு," என்றாள் ஐடெல்லா. "வீட்டுல ஜெர்மன்தான் பேசுவீங்க. இன்னும் ஒரு வருஷம் இருந்தா..."

"கணக்குல எனக்கு நூறு."

"கணக்குல நூறு."

"இங்கிலீஷ்ல தோத்திருக்கலாம். தோத்திருந்தா அது என்னோட தோல்வி. எழுதிப் பாத்துத் தோத்தேன்னு சொல்லிக்கலாம். அதுகூட எனக்கு இல்லாம பண்ணிட்டீங்க. அடுத்த வருஷம் எழுதட்டும்னு எங்க அப்பா கிட்ட சொன்னீங்க. அவர் ஏன் காத்திருக்கப் போறாரு? போருக்குப் போன ஆளுங்களுக்குப் பதிலா வயல்ல ஆள் வேணும். ஜூன்ல என்னை ஏர் இழுக்கற குதிரைக்குப் பின்னாடி நிறுத்தினாரு."

தகரக் கூரையில் பனி உருகிச் சொட்டியது. ஐடெல்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தன் பரீட்சைக்குப் போய்த் தோத்தா குழு எனக்கு அடுத்த வருஷம் வேலை தராதுன்னு பயந்தேன்," என்றாள். "நீ தயாராகலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது நிஜமில்ல. எனக்குப் பத்தொன்பது வயசு."

"எனக்குப் பதிமூணு. நமக்குள்ள ஆறு வயசுதான் வித்தியாசம். அப்ப நீங்க கிழவின்னு நெனச்சேன்." அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, அடுத்த வருஷம் கொடுத்தாங்களா வேலை?"

"இல்ல. தார்சனுக்குக் கொடுத்துட்டாங்க. அவகிட்ட ஆர்கன் இருந்துச்சு."

ரூபன் வெட்ஸல் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கேலியா, வருத்தமா என்று அவளுக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"இப்ப எதுக்கு வந்தீங்க? இதைச் சொல்லவா?"

இல்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. காகிதத்தை எடுத்துக் காட்டி, இருபத்து நாலு, இருபத்தைந்து, ஆறு சதவீதம் எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் கவனமாகக் கேட்டான். இடையில் ஒரு தடவை நிறுத்தி, ஐந்து ஆறு முப்பதை அவளுக்கு முன்னால் சொன்னான். இத்தனை வருஷத்தில் அந்தப் பாடத்தை இவ்வளவு நன்றாக யாரும் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"இந்த நிதிக்குப் பணம் எங்கேர்ந்து வருது?"

"எங்க சம்பளத்துல ஒரு பங்கு. பள்ளிக்கூடம் ஒரு பங்கு. அது உங்க நிலவரியில இருந்து வருது."

"அப்ப நான் இத்தனை வருஷமா உங்களுக்குக் கட்டிக்கிட்டுதான் இருக்கேன்." அவன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "'இவர் பணியாற்றியது உங்களுக்கு எவ்வாறு தெரியும்?' ஆறு வரி விட்டிருக்காங்க. உள்ளதைத்தான் எழுதுவேன்."

"உள்ளதைத்தான் எழுதணும்."

வியாழக்கிழமை டவுன் வங்கியில் நோட்டரி முன்னால் சந்தித்தார்கள். ரூபன் சுத்தமான சட்டை போட்டு வந்திருந்தான். ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக எழுதினான். இங்கிலீஷில் ஒரு பிழைகூட இல்லை. அவள் தலைகீழாகப் பார்த்தே அதைக் கவனித்துவிட்டாள். நோட்டரி கைதூக்கச் சொல்லி, எழுதியதை வாசித்தார்:

"'1943 செப்டம்பர் முதல் 1944 மே வரை பதினாலாம் பள்ளியில் இவர்தான் டீச்சர். வேறு யாரும் இல்லை. தினமும் காலையில் இவருக்காக அடுப்பு மூட்டியவன் நான். கையுறையோடு கதை வாசிப்பார். என்னை எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.'" நோட்டரி கண்ணாடிக்கு மேலே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உண்மைதானா?"

"உண்மை," என்றான் ரூபன்.

வெளியே வந்ததும் ஐடெல்லா அவன் டிரக் வரைக்கும் கூடவே நடந்தாள். "ரூபன், நான் உன்கிட்ட..."

"விதைப்பு நேரம் டீச்சர். மழைக்கு முன்னாடி முடிக்கணும்." கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினான். "பாதை சேறா இருக்கு. பாத்து ஓட்டுங்க."

அவள் நடைபாதையில் நின்றாள். டிரக் தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பியது. அன்று பள்ளியில் அவளுக்கு விடுப்பு. போவதற்கு இடம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் காகிதத்தையும் அந்த வருஷத்துப் பங்குக்கான காசோலையையும் உறையில் போட்டு ஒட்டினாள்.

பத்து நாள் கழித்துப் பாலின் ரோரிச் கூப்பிட்டாள்.

"மிஸ் ஸ்டென்ருட், உங்க பத்திரம் வந்துடுச்சு. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு. ஆனா..." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு சொல்லலாமா? முதல் ரெண்டு வரியே எங்களுக்குப் போதும். மத்தது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. அவரையே வெறும் ரெண்டு வரி எழுதி வேற ஒண்ணு அனுப்பச் சொல்லலாம். நாள் இருக்கு. இதை நான் திருப்பி அனுப்பிடறேன்."

"அது உங்ககிட்ட இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பணம் அதே பணம்தான். ஆனா ஃபைல்ல இருக்கும். படமெடுத்து வெச்சுடுவோம். நீங்க, நான், எல்லாரும் போனப்புறமும் இருக்கும்."

ஜன்னலுக்குக் கீழே மருந்துக் கடை மணி அடித்தது. யாரோ உள்ளே போனார்கள்.

"இருக்கட்டும் பாலின்."

"நிச்சயமாவா?"

"நான் அந்த வருஷம் அங்க இருந்தேன்னு சொல்ற காகிதம் உலகத்துல அது ஒண்ணுதான். அதைப் போய் ஏன் திருத்தணும்?"

மறுமுனையில் முத்திரை குத்தும் ஓசை கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை.

"இருபத்தஞ்சு," என்றாள் பாலின். "ஜூலையில இருந்து முழுத் தொகை வரும். வேற ஏதாவது வேணுமா மிஸ் ஸ்டென்ருட்?"

ஐடெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு வேலை இல்லன்னா, அதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டறியா?"

"முதல் ரெண்டு வரியா?"

"இல்லம்மா. முழுசா."

காகிதத்தை எடுக்கும் சரசரப்பு கேட்டது. பாலின் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.